மரை போனது ஸ்கூட்டருக்குத்தான், உங்களுக்கு இல்லை

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்.

வயது 36. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். 2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, அப்பா ஓட்டிய 2009 மாடல் 100 சிசி பைக்கை யூடியூப் பார்த்துப் பிரித்து, கார்ப்ரேட்டரைக் கழுவி, கிளட்ச் பிளேட் மாற்றி, ஓட வைத்துவிட்டார். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது (அவருடைய வார்த்தை). இதுவரை சாமான்களுக்கே 38,000 ரூபாய் ஆகியிருக்கிறது. தெருவில் ஏழெட்டு வண்டிகள் பார்த்திருக்கிறார். "வந்ததைக் கொடுங்க" என்று சிலரிடம் நூறு இருநூறு வாங்கியிருக்கிறார், சிலரிடம் வாங்கவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றியபோது, ஸ்பார்க் பிளக்கையும் சுத்தம் செய்து மாட்டுவோமே என்று கழற்றியிருக்கிறார். திரும்ப ஏற்றும்போது இறுகலாக இருந்தது, இரும்புக் குழாயைச் சொருகி அழுத்தினார், உள்ளே மரை மொத்தமும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. பட்டறையில் ஹெட்டையே (சிலிண்டரின் மேல்மூடி) மாற்ற வேண்டும், 6,200 ரூபாய் என்றார்களாம். அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் தெருவில் நின்று, "யூடியூப் மெக்கானிக், மரை கழண்ட ஆளு" என்று சொன்னது இவரைத் தூங்கவிடவில்லை.

கேள்விகள் இவை: வீடியோ பார்த்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவே முடியாதா? ஐடிஐயில் சேரலாம் என்றால் வயது போய்விட்டதே? காசு வாங்காமல் செய்த வேலைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? புதிதாக வாங்கிய, வாரண்டியில் இருக்கும் என் 125 சிசி வண்டியை நானே சர்வீஸ் செய்ய சட்டப்படி எனக்கு உரிமை உண்டா? வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னப் பட்டறை போடலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்.

தம்பி, ஐடிஐயில் 29 வருஷம் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதனால் யூடியூப்பைத் திட்டுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. எங்கள் காலத்தில் ஒரு சர்வீஸ் மேனுவலைக் கண்ணால் பார்க்கவே கம்பெனி ஆளைக் கெஞ்ச வேண்டும். இன்றைக்கு உங்கள் கைபேசியில் பார்ட்ஸ் பட்டியல், ஒயரிங் படம், எந்த வாஷருக்குப் பின் எந்த வாஷர் என்கிற வரிசை எல்லாம் கிடைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், பத்துத் தடவை திரும்பக் கேட்டாலும் வீடியோ சலித்துக்கொள்ளாது. நான் சலித்துக்கொண்டிருக்கிறேன், என் மாணவர்கள் சாட்சி.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு தப்பாக இருக்கிறது. "இன்னும் நாலு நல்ல வீடியோ பார்த்திருந்தால் இது நடந்திருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பார்த்திருந்தாலும் நடந்திருக்கும். பிளக்கை எப்படிக் கழற்றுவது, எந்தப் பக்கம் திருப்புவது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாதது ஒன்றுதான். இறுகலாக வந்த அந்த நொடியில், "ஏதோ சரியில்லை, நிறுத்து" என்று உங்கள் மணிக்கட்டு சொல்லவில்லை. அது கண் வழியாக ஏறுகிற விஷயம் இல்லை.

அந்த மரை ஏன் போனது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஹெட் அலுமினியம். பிளக் எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். ஸ்கூட்டரில் பிளக் இருக்கும் இடம் சந்துபொந்து, நேராகப் பார்க்கவே முடியாது, கை சாய்வாகத்தான் போகும். பிளக் ஒரு நூல் கோணலாக உட்கார்ந்து, முதல் சுற்றே தப்பான மரையில் ஏறியிருக்கிறது. அதோடு ஆயில் இறக்குவதற்காக இன்ஜினைச் சூடாக்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயில் இறக்குவதற்குச் சூடு நல்லது. பிளக்குக்கு ஆகாது, ஹெட் ஆறின பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

இந்த வகை 10 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அது எவ்வளவு என்றால், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 5 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. நீங்கள் ஓரடிக் குழாயைச் சொருகினீர்கள், பிடி அரை மீட்டர் ஆகிவிட்டது. அதில் 20 கிலோ பலத்தில் அழுத்தியிருந்தால் கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். எட்டு ஒன்பது மடங்கு. மரை நிற்குமா சொல்லுங்கள்?

பழைய பட்டறைக்காரர்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. பிளக்கின் பீங்கான் பக்கத்து நுனியில் பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகி, ஹோஸைப் பிடித்தே பிளக்கைச் சுற்றுவார்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும், மரையும் மரையும் சந்திக்கிற இடத்தில் லேசாக ஒரு 'டிக்' தெரியும், அங்கிருந்து வலப்பக்கம். கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், அதற்கு மேல் பலம் கொடுக்கவே முடியாது. ஸ்பேனர் கைக்கு வருவது கடைசியில், வாஷர் உட்கார்ந்த பிறகு. எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பல பிளக்குகளின் அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் எறிபவர்கள்தான் அதிகம்.

சரி, இந்த மணிக்கட்டு அறிவை வீட்டிலேயே பழக முடியுமா என்றால், முடியும், செலவும் அதிகமில்லை. வைஸில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டு, 6 மி.மீ. போல்ட் பத்து வாங்கி ஒவ்வொன்றாக உடையும் வரை இறுக்குங்கள். ஆமாம், வேண்டுமென்றே உடையுங்கள். இறுக்கம் ஏறிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் திடீரென்று இளகி வெண்ணெய் மாதிரி சுற்றும், அடுத்து டப். அந்த இளகல் எப்படி இருக்கும் என்று பத்துத் தடவை கைக்குத் தெரிந்துவிட்டால், பதினொன்றாவது போல்ட்டில் அதற்கு முன்னாலேயே கை நின்றுவிடும். ஸ்பேனர் நுனியில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் எத்தனை கிலோவில் என்ன ஆகிறது என்று கணக்கும் வந்துவிடும், கணக்குப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஐடிஐயில் முதல் சில மாதம் இன்ஜின் பக்கமே விடாமல் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அராவச் சொல்வோம், ஆக்ஸா பிளேடில் அறுக்கச் சொல்வோம், ஓட்டை போட்டு டேப் வைத்து மரை வெட்டச் சொல்வோம். பையன்கள் சபிப்பார்கள். நானும் சபித்தவன்தான். படித்து முடித்து முதல் வேலைக்குப் போன இடத்தில், அராவுகிற பாடத்தை நான் எவ்வளவு அலட்சியமாகப் படித்தேன் என்பது ஒரு லாரி இன்ஜின் போல்ட்டை உள்ளேயே முறித்தபோது தெரிந்தது. முதலாளி அந்த வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார், அதைவிட மோசம், ஒரு மாதம் என்னை வண்டி கழுவ மட்டும் வைத்தார். உங்களுக்கு அந்த அலுப்பான முதல் மாதங்கள் கிடைக்கவில்லை, நேராகக் கிளட்ச் பிளேட்டில் ஆரம்பித்துவிட்டீர்கள். அதுதான் இடையில் விட்டுப்போனது.

வீடியோவை எப்படிப் பார்ப்பது

வீடியோ எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "இப்போ இந்த நட்டைக் கழட்டிட்டோம்" என்று அடுத்த காட்சி வந்தால், நடுவில் முக்கால் மணி நேரம் போயிருக்கும். துருப்பிடித்த நட், வழுக்கிய ஸ்பேனர், சிராய்ந்த விரல், எல்லாம் அந்த வெட்டில் போய்விட்டன. உங்களுக்கு வேண்டிய பாடமே அதுதான். அதனால் ஒரே வேலைக்கு மூன்று பேர் போட்ட வீடியோக்களைப் பார்த்து, மூன்றிலும் வெட்டு விழுகிற இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு முன்கூட்டியே தயாராகப் போங்கள்.

இன்னொன்று, அது யார் ஊர் வண்டி என்று பாருங்கள். அமெரிக்கக்காரர் காருக்கு ஆயில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு அதே வகை கார் ஆயிலை பைக்கில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். வழவழப்புக்காகச் சில கார் ஆயில்களில் சேர்க்கிற மருந்து கிளட்சை வழுக்க வைத்துவிடும். பைக் ஆயில் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக, உலர்ந்த இடத்தில் இருப்பதால் அதற்கு எம்பி. அக்கா வண்டிக்கு எதை ஊற்றினீர்கள்? கடிதத்தில் இல்லை. டப்பாவை எடுத்துப் பாருங்கள்.

திருப்புளியும் அப்படித்தான். ஜப்பான் வடிவமைப்பில் வந்த பழைய பைக்குகளின் நட்சத்திர ஸ்க்ரூக்களுக்குப் பொருந்துகிற முனை வேறு, கடையில் சாதாரணமாகக் கொடுக்கிற திருப்புளி முனை வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அழுத்தித் திருகினால் வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். கிளட்ச் கவர் ஸ்க்ரூ நாலு தலை போய்விட்டது, என் கைதான் சரியில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கை பாவம், திருப்புளிதான் குற்றவாளி. ஜேஐஎஸ் முனை என்று கேட்டு வாங்குங்கள். சுத்தியலால் தட்டித் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்குங்கள். அந்த 38,000 ரூபாயில் இது இரண்டும் இல்லை, 108 பீஸ் சாக்கெட் பெட்டி மட்டும் இருக்கிறது!

அப்புறம் வண்டியின் வயது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு புதிய பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே கார்ப்ரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. உங்கள் 2009 வண்டியில் கற்றது புது வண்டியில் பாதிக்கு உதவாது. அங்கே சென்சார், ஸ்கேனர், அழுத்தத்தில் நிற்கிற பெட்ரோல் குழாய். வண்டி ஓடி நிறுத்திய கையோடு அந்தக் குழாயைப் பிடுங்கினால் சூடான சைலன்சர்மேல் பெட்ரோல் பீச்சும். நாளைக்குப் பட்டறை வைப்பதானால் இதைக் கற்காமல் முடியாது, ஆனால் இதை வீட்டு வாசலில் தனியாகக் கற்காதீர்கள்.

அக்காவுக்குப் பணம் கட்ட வேண்டுமா

நான் வக்கீல் இல்லை, ஆனால் இது பட்டறைகளில் அடிக்கடி வருகிற சண்டை. காசு வாங்காவிட்டால் பொறுப்பு இல்லை என்று நினைக்கிறீர்கள். பாதிதான் சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகச் செய்கிற வேலையைச் சேவையாகக் கருதுவதில்லை, அதனால் ஆயிலுக்கு மட்டும் காசு கொடுத்த அக்கா நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கஷ்டம். ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, ஒருவர் பொருள் உங்கள் கையில் இருக்கும்போது, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது. இதில் காசு வாங்கியதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. குழாயைச் சொருகி அழுத்தியதை எந்த நீதிபதியிடமும் கவனம் என்று சொல்ல முடியாது. நூறு இருநூறு வாங்கிய மற்ற வண்டிகளில் ஏதாவது ஆகியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்துதான் இருக்கும்.

சட்டத்தை விடுங்கள். உங்கள் கையில் போனது, கட்டுங்கள். ஆனால் 6,200 ரூபாய் கட்ட வேண்டிய அவசியம் இருக்காது. ஹெட்டைக் கழற்றி நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால், போன மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி உள்ளே ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருளையோ புஷ்ஷையோ ஏற்றி, பழைய அளவுக்கே புது மரை போட்டுத் தருவார்கள். ஒழுங்காகப் போட்டால் முன்பு இருந்ததைவிடக் கெட்டியாக நிற்கும். ஹெட்டைக் கழற்றாமல் வண்டியில் வைத்தே வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம், வெட்டுகிற அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழும். லேத் கூலி, புது கேஸ்கட், கழற்றி மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்தும் புது ஹெட் செலவில் ஒரு பகுதிதான் வரும்.

பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு லேத் வேலைக்கு அலைய நேரமில்லை, புதுசை மாட்டினால் வண்டிக்காரர் திரும்பி வந்து கேள்வி கேட்க மாட்டார். அக்காவிடம் நீங்களே நேரில் போய், "இப்படி ஒரு வழி இருக்குக்கா, செலவு என்னுது, உங்களுக்குச் சம்மதமா? இல்ல புது ஹெட்டுதான் வேணும்னாலும் சரி" என்று கேளுங்கள். முடிவு அவருடையது. அவர் வீட்டுக்காரரிடம் விவாதம் வேண்டாம்.

வாரண்டி வண்டியைத் தொடாதீர்கள்

ரைட் டு ரிப்பேர் சட்டம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கியது ஓர் இணைய வாசல். எந்த நிறுவனத்தின் பொருளுக்கு எங்கே உதிரிப்பாகம், எங்கே பழுது பார்ப்பது, வாரண்டி விதி என்ன என்று ஓரிடத்தில் பார்க்கிற ஏற்பாடு. அதற்கு முன் 2014-இல் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை மறுக்கக் கூடாது, தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பு மறுக்கலாம் என்பது அதன் சாரம். அதுவும் மேல்முறையீடு என்று இழுத்தது, அதுவும் கார்களைப் பற்றியது. அதைக் காட்டி உங்கள் ஊர் ஷோரூமில் வாதாடி ஜெயிக்க உங்களுக்கு எத்தனை நாள் லீவு இருக்கிறது?

உங்கள் வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். குறித்த கிலோமீட்டரில் குறித்த இடத்தில் சர்வீஸ் என்று இருந்தால் அதன்படி செய்து முத்திரை வாங்குங்கள். கற்றுக்கொள்ள அப்பா வண்டி இருக்கிறது. காற்று பார்ப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது என்று உரிமையாளர் கையேடே சொல்கிறவற்றைப் புது வண்டியிலும் செய்யலாம். சைலன்சர் மாற்றித் தருகிறேன், ஹேண்டில்பார் மாற்றித் தருகிறேன் என்று தெருப் பையன்களுக்குச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது, 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தான், ஆனால் கைகாட்டப்படுவது நீங்கள்.

ஐடிஐ, சான்றிதழ், பட்டறை

வயது போய்விடவில்லை. தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல் வரம்பே இல்லை. மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருஷம், பகல் நேரம். என் வகுப்பிலேயே மீசை நரைத்தவர்கள் பள்ளி முடித்த பையன்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிள்ளைகள் ஃபீஸ் கட்டுகிற வயதில் இரண்டு வருஷச் சம்பளத்தை விட்டுவிட்டு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையில் உட்கார வேண்டியதில்லை. பட்டறை வைக்கச் சான்றிதழ் கட்டாயமும் இல்லை. கடன், வெளியூர் வேலை என்று போனால்தான் காகிதம் கேட்பார்கள். அதற்கு, ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தருகிற ஆர்பிஎல் என்ற ஏற்பாடு இருக்கிறது. வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு ஒரு மாத அளவில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள், அடுத்த வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். முன்னுரிமை கிராமத்துக் குடும்பங்களுக்கு. லீவு கிடைத்தால் போய் வாருங்கள்.

அதைவிட முக்கியமானது ஞாயிற்றுக்கிழமை. உங்களைக் கிண்டல் செய்தது அக்கா வீட்டுக்காரர்தானே, பட்டறைக்காரர் இல்லையே. ஹெட் மாற்ற வேண்டும் என்று சொன்ன அந்தப் பட்டறைக்காரரிடமே போங்கள். "அண்ணே, மரையைப் போக்கினது நான்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன், சம்பளம் வேண்டாம், கூட நின்னு கத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். முதல் வாரம் டீ வாங்கி வரச் சொல்வார், இரண்டாவது வாரம் செயின் கழுவச் சொல்வார். செய்யுங்கள். அவர்கள் தொழில் ரகசியத்தை மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மறைக்கவில்லை தம்பி, அவர்களுக்கு அது வாயால் சொல்ல வராது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு டாப்பெட் என்று சொல்கிறவரிடம் எப்படித் தெரிந்தது என்றால், "சத்தம் அப்படித்தான் இருக்கும்" என்பார். பக்கத்தில் நின்று நீங்களும் அதே சத்தத்தை நாற்பது வண்டியில் கேட்க வேண்டும், வேறு வழியில்லை. ஆறு மாத ஞாயிறு என்றால் ஏறக்குறைய 200 மணி நேரம் வரும்.

வீட்டில், பழைய 100 சிசி இன்ஜின் ஒன்று வாங்குங்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும், ஆனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜின் நம்பர் ஆர்சியில் ஏறியிருப்பது, திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் வாசல். அதை மூன்று தடவை முழுதாகப் பிரித்துப் பூட்டுங்கள். மூன்றாவது தடவை வீடியோ பார்க்காமல்.

அதுவரை பிறத்தியார் வண்டியில் பிரேக்கைத் தொட வேண்டாம். டிஸ்க் பிரேக் குழாயில் காற்று நின்றுவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், தெருமுனை வரை நன்றாகப் பிடித்துவிட்டு மேம்பால இறக்கத்தில் கைவிடும். மின்சார ஸ்கூட்டர் பேட்டரிப் பெட்டியை எந்த வீடியோ சொன்னாலும் பிரிக்காதீர்கள். உங்களுக்கு இன்னொன்று, கடிதத்தோடு அனுப்பிய போட்டோவில் இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, பனியன் வேஸ்ட்டால் செயினைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் விரலையும் கூட்டிக்கொண்டு போகும். அப்படி விரல் போன இரண்டு பேரை எனக்கு நேரடியாகத் தெரியும், இரண்டு பேரும் அனுபவசாலிகள். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு உங்கள் மனைவி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார், நான் அவர் பக்கம். ஒரு வருஷம் ஞாயிறு பட்டறை, மாலையில் வீட்டு இன்ஜின், சம்பளம் அப்படியே வரட்டும். அடுத்த வருஷம் அந்தப் பட்டறைக்காரர் தன் சொந்த வாடிக்கையாளரின் வண்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறாரா என்று பாருங்கள். போனால், மாவட்டத் தொழில் மையத்தில் கடன் மானியம் பற்றிக் கேளுங்கள். அப்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்கு உங்களைவிட அவருக்குத் தெளிவாக இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அவர் கேட்ட கேள்வி, "ஒரு மாசத்துக்கு எத்தனை வண்டி வந்தா வாடகை கட்ட முடியும்?" அதற்கு நாலு பக்கத்தில் நீங்கள் பதில் எழுதவில்லை.

36 வயதில் கை பழகுமா என்று கேட்டிருந்தீர்கள். பழகும். கணக்கு நோட்டில் ஒரு பைசா வித்தியாசத்துக்கு இரவு பத்து மணி வரை தேடுகிறவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் புத்தி பட்டறையில் பலருக்கு இல்லை. கழற்றிய போல்ட்டை எல்லாம் ஒரே டப்பாவில் போடுகிறவர்களோடுதான் நான் 29 வருஷம் மல்லுக்கட்டினேன்.

ஒருவேளை அக்கா புது ஹெட்தான் வேண்டும் என்றால், பழைய ஹெட்டை மட்டும் பட்டறையில் விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். டேப் பிடித்து மரை வெட்டவும் ஹெலிகாயில் ஏற்றவும் பழகுவதற்கு, அதற்கு நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது.